கொக்கி மாட்டும் முன்

கேள்வி: கார் இன்சூரன்ஸோடு ரோடுசைடு அசிஸ்டன்ஸும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன். வெளிவட்டச் சாலையில் வண்டி நின்றபோது வந்த டோயிங்காரர் தனியாகப் பணம் கேட்கிறாரே, நியாயமா?
– ஒரு வாசகர், குன்றத்தூர்

பதில்: நியாயமா என்பதை முருகனிடம் கேளுங்கள், மலை பக்கத்தில்தான். பாலிசியில் இருக்கிறதா என்றால், அநேகமாக இருக்கும், எறும்பு எழுத்தில். இத்தனை கிலோமீட்டர் வரை, வருடத்துக்கு இத்தனை முறை என்று வரம்பு வைத்திருப்பார்கள். பல திட்டங்களில் பக்கத்து ஒர்க்ஷாப் வரைதான் இலவசம். உங்கள் ஆஸ்தான மெக்கானிக் செங்கல்பட்டில் இருந்தால், அந்தப் பாசத்துக்கு மீட்டர் ஓடும். டீசல் கொண்டுவந்து தருவார்கள், டீசல் காசு உங்களுடையது. பேட்டரிக்கு உயிர் கொடுப்பார்கள், புது பேட்டரி வாங்கித் தரமாட்டார்கள்.

பெரிய அடி மழைக்காலத்தில்தான். அடையாறு நிரம்பி ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது வண்டி அணைந்தால், தயவுசெய்து மறுபடி சாவியைத் திருகாதீர்கள். தண்ணீர் உள்ளே போய் இன்ஜின் போனால், ரோடுசைடு கவர் வண்டியை இழுத்துப் போகும், அவ்வளவுதான். ரிப்பேர் செலவுக்கு இன்ஜின் புரொடெக்ட் என்று ஒன்றைத் தனியாக எடுத்திருக்க வேண்டும்.

கொக்கி மாட்டும் முன்பே கால் சென்டரிடம் தூரத்தையும் தொகையையும் கேட்டு எஸ்எம்எஸ்ஸாக வாங்கிவிடுங்கள். இப்போது கட்டிய பணத்துக்கு ரசீதோடு கம்பெனிக்கு எழுதுங்கள். ஒரு மாதம் பதில் இல்லையென்றால் சென்னையிலேயே இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். அவரிடம் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, கிலோமீட்டர் கணக்கும் கிடையாது!