அழுகுணி ஆட்டம்

ஒரு ஆட்டம் நல்ல ஆட்டமா, சொத்தையா என்று ஜெயித்தவனைக் கேட்டுப் பயனில்லை. அவனுக்கு எல்லா ஆட்டமும் நல்ல ஆட்டம்தான். தோற்றவனைக் கேட்க வேண்டும். ‘சே, கொஞ்சம் நின்னு குதிச்சிருக்கணும். இன்னொரு ஆட்டம் போடு’ என்றால், ஆட்டத்தைச் செய்தவன் கெட்டிக்காரன். ‘போடா, இது அழுகுணி ஆட்டம்’ என்று எழுந்து போனால், பாதிப் பழி தோற்றவனின் புத்திக்கு, மீதி ஆட்டத்தைச் செய்தவனுக்கு.

இந்த சாஸ்திரத்தை நான் படித்த இடம் கூத்தாநல்லூர். சின்ன சிங்கப்பூர் என்று பெயரெடுத்த ஊர். எதிர் வீட்டு சபுராளி பாய் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்தால் பெட்டிக்குள்ளிருந்து கோடாலித் தைலம் வரும், சென்ட் பாட்டில் வரும். ஒருமுறை டி.வி. கேம் வந்தது. மறுநாள் முதல் அந்த வீட்டுத் திண்ணையில் செருப்பு வைக்க இடமில்லை. கேசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று போட்டிருந்தது. உள்ளே போனால் அதே பத்துப் பதினைந்து ஆட்டங்கள் பெயரை மாற்றிக்கொண்டு வரிசையில் நிற்கும். அதில் நம்பத்தக்க எண் அந்தக் கடைசி ‘1’ மட்டும்தான்.

அந்தக் கூட்டத்தில் ஒரு ரத்தினமும் இருந்தது. 1985-ல் ஜப்பானின் நின்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மரியோ பிரதர்ஸ். ஷிகெரு மியாமோட்டோ வடிவமைத்தது. எப்படி ஆடுவது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தொடங்கியதும் முறைத்துக்கொண்டு ஒருவன் எதிரே நடந்து வருவான். சும்மா நின்றால் சாவு. பயந்து குதித்தால் தாண்டுவோம், இல்லாவிட்டால் அவன் தலையில் இறங்குவோம். அவன் நசுங்கிப் போவான். கேள்விக்குறி போட்ட கட்டியைக் கீழிருந்து முட்டினால் ஒரு காளான் கிளம்பி வலப்பக்கம் ஓடும். அங்கே நிற்கும் குழாயில் மோதி நம்மிடமே திரும்பி வரும். எதிரியோ என்று பயந்து குதித்தால், மேலே கட்டியில் தலை இடித்து அதன் மேலேயே விழுவோம். வேண்டாம் வேண்டாம் என்றாலும் ஆள் பெரியவனாகிவிடுவான். ஒரு வார்த்தை பேசாமல் பாடத்தை முடித்துவிட்டார் மனுஷன். எங்கள் கணக்கு வாத்தியாருக்கு இந்த வித்தை தெரிந்திருந்தால் நான் இன்று இன்ஜினியர்.

கான்ட்ரா என்ற ஆட்டம் வேறு ரகம். ஒரே நேரத்தில் இரண்டு பேர் சேர்ந்து சுடலாம். மூன்றாவது கட்டத்தில் ஓர் அருவி வரும், மேலே ஏற வேண்டும். முன்னால் ஏறுகிறவனோடு திரையும் ஏறும். பின்தங்கியவன் திரைக்குக் கீழே போனால் செத்தான். என் சித்தப்பா மகன் வேகமாக ஏறுவான். நான் அங்கே எதிரியால் செத்ததைவிட உறவால் செத்ததே அதிகம். ஆனாலும் ஆட்டத்தை நான் திட்டியதில்லை. விதி இரண்டு பேருக்கும் ஒன்றுதானே. அடுத்த ஆட்டத்தில் நான் முந்திக்கொள்வேன்.

டெட்ரிஸ் இன்னும் நேர்மை. 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் செய்தது. அதில் ஜெயிக்க வழியே கிடையாது, தோல்வியைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். இருந்தும் ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் தங்களைத்தான் நொந்துகொள்கிறார்கள்.

பரமபதம் அப்படி இல்லை. உச்சிப் பாம்பு கடித்தால் தாயக்கட்டையைத் திட்டலாம், தலையெழுத்தைத் திட்டலாம். உருட்டியவனுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. பக்திக்கு நல்லது, ஆட்டத்துக்கு ஆகாது.

டி.வி. கேமுக்கெல்லாம் மூத்தது எங்கள் வீட்டுக் கூடத்தில் சாக்குக்கட்டியால் போட்ட ஆடு புலி ஆட்டம். 23 புள்ளி. 3 புலிக்குக் கூழாங்கல், 15 ஆட்டுக்குப் புளியங்கொட்டை. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். எல்லாம் இறங்கும்வரை ஓர் ஆட்டையும் நகர்த்தக் கூடாது. பக்கத்து ஆட்டுக்கு அந்தப்புறம் காலி இருந்தால் புலி தாண்டி வெட்டும். மூன்று புலிக்கும் அசைய இடமில்லாமல் அடைத்துவிட்டால் ஆடு ஜெயித்தது. பல்லுள்ளவன் மூன்று பேர், பல்லில்லாதவன் பதினைந்து பேர், ஆனால் இரண்டு பக்கமும் தராசு சமமாக நிற்கிறது. இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் பெயர்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது எல்லாம் போனில். அம்மாகூட கேண்டி கிரஷ் ஆடுகிறாள். அதில் மொத்தம் ஐந்து உயிர், போன உயிர் ஒன்று திரும்ப அரை மணி நேரம். ஒருநாள் அடுக்களையிலிருந்து, “அஞ்சு உசிரும் போயிருச்சுடா” என்று குரல் கொடுத்தாள். தயிருக்கு வந்து நின்ற பக்கத்து வீட்டு அக்கா, “ஐயையோ, எங்க? பஸ்ஸா?” என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

என் மகன் ஆடுவதோ துப்பாக்கி ஆட்டம். குறி பார்க்கத் தெரியாவிட்டாலும் காசு கட்டினால் பெரிய துப்பாக்கி கிடைக்குமாம். தோற்றவன் ‘இன்னொரு ஆட்டம்’ என்பதில்லை. ‘அப்பா, ஜீபே பண்ணுங்க’ என்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவனை அம்மாவுக்கு எதிரே புலியாக உட்கார வைத்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு புலி அடைபட்டது. மூன்றாவது மூலையில் முழித்தது.

“அப்பாயி, காசு கட்டுனா இன்னொரு புலி தருவாங்களா?”

“தாராளமா வாங்கிக்கடா. ஆடு வைக்க வேற ஆளப் பாத்துக்க. எனக்கு இந்நேரம் ரெண்டு உசிரு வந்திருக்கும், நான் போறேன்.”