பழைய சாமானைத் திருப்பித் தந்தவருக்கு

அண்ணே, உங்கள் பட்டறையைப் பற்றி யார் கேட்டாலும் நல்லதைத்தான் சொல்வேன். தரையில் ஒரு சொட்டு ஆயில் கிடக்காது. கழற்றிய போல்ட் ஒன்றுகூடத் தொலையாது. மாற்றிய சாமானைச் சாக்குப்பையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவீர்கள். அந்த நேர்மை இந்தத் தொழிலில் எல்லோரிடமும் இல்லை. அந்தப் பை இப்போது என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. டை ராடு எண்ட் இரண்டு, லோயர் ஆர்ம் இரண்டு, என்ஜின் மவுண்டிங் ஒன்று. ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டிப் பார்த்தேன். எதுவும் தேயவில்லை.

என் மாருதி 800-க்கு 24 வயது. செங்கல்பட்டு தாண்டி 80 கிலோமீட்டர் வேகம் பிடித்ததும் ஸ்டீயரிங் நடுங்கும். 70-ல் இல்லை, 95-ஐத் தாண்டினால் அடங்கிவிடும். பக்கத்தில் இருந்த அம்மா டேஷ்போர்டை இறுகப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்கே திரும்பிடலாம்பா" என்றார். இதையெல்லாம் உங்களிடம் சொல்ல வந்தேன். நான் பாதி சொல்வதற்குள் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டீர்கள். வேலையில் இத்தனை ஆர்வம் உள்ளவரை நான் பார்த்ததில்லை.

உங்கள் கைவேகமும் அப்படித்தான். லோயர் ஆர்ம் இரண்டையும் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டீர்கள். ஒருமுறை ரோட்டில் ஓட்டிப் பார்த்திருந்தால் அரைமணி நேரம் கூடியிருக்கும்.

நியூட்ரலில் விட்டாலும் நடுக்கம் போகவில்லை என்று சொன்னேன். என்ஜின் ஐடிலுக்கு இறங்கிய பிறகும் அதே நடுக்கம் என்றால் என்ஜினை விட்டுவிடலாம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் வந்தால் டிரைவ் ஷாஃப்டை. சீராக ஓடும்போதும் வருகிறதென்றால் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று. அன்று நீங்கள் மாற்றியது என்ஜின் மவுண்டிங். அசல் சாமான், பில்லோடு.

வீல் பேலன்சிங்கில் உங்கள் பொறுமை பெரியது. மூன்று முறை செய்தீர்கள், மூன்று முறையும் மெஷின் பூஜ்யம் காட்டியது. அந்தப் பூஜ்யத்தை நான் நம்புகிறேன். 145/70 ஆர்12 டயர் 80 வேகத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 14 சுற்றுச் சுற்றும். ரிம் ஓரத்தில் 20 கிராம் கூடினாலே அந்த வேகத்தில் 2 கிலோவுக்கு மேல் இழுக்கும்; 40-ல் அதில் கால்பங்குதான். அந்த இழுப்பு சஸ்பென்ஷனின் தாளத்தோடு சேரும் வேகத்தில் ஆட்டம் பெருகும், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவது போல. தாண்டினால் அடங்கும். ஆனால் மெஷினில் சக்கரம் உட்காருவது மெஷினின் தண்டில். ரோட்டில் அது உட்காருவது காரின் ஹப்பில்.

உங்கள் பட்டறையின் ஒழுங்கையும் சொல்ல வேண்டும். உங்கள் பையன் ஒருவன், "முன் சக்கரத்தைப் பின்னாடி மாத்திப் போட்டுப் பாக்கலாமாண்ணே?" என்றான். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள், அவ்வளவுதான். அதன்பிறகு அவன் வாயே திறக்கவில்லை. அத்தனை மரியாதை உங்கள் மேல்.

அவன் சொன்னதை ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் நான் செய்தேன். கைச்செலவு எதுவும் இல்லை. பிறகு ஓட்டிப் பார்த்தேன். நடுக்கம் பின்னால் போயிருந்தால் குற்றம் சக்கரத்தில்; ஆனால் அது ஸ்டீயரிங்கிலேயே நின்றது. முன்பக்கத்தைத் தூக்கி, ரிம் ஓரத்தில் ஒரு சாக்பீஸை அசையாமல் நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றினேன். வலது சக்கரத்தில் பாதிச் சுற்றுக்குத்தான் கோடு விழுந்தது. கழற்றிப் பார்த்தால் ஹப் முகத்தில் நகம் அளவுக்குத் துருப் பொருக்கு. சக்கரம் அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் எத்தனை முறை பேலன்ஸ் செய்து மாட்டினாலும் அதே சாய்வில்தான் உட்காரும். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தேன், பத்து நிமிடம். மறுநாள் மதுராந்தகம்வரை 80-ல் போனோம். அம்மா தூங்கிவிட்டார்.

உங்கள் அலமாரியில் ஒரு டயல் கேஜ் இருக்கிறது அண்ணே. எண்ணெய் தடவி, வெல்வெட் பெட்டியில், ஒரு கீறல் இல்லாமல் வைத்திருக்கிறீர்கள். அந்தச் சாய்வை அது ஒரே நிமிடத்தில் காட்டியிருக்கும்.

பொருக்கை ஒரு தாளில் மடித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அந்தப் பையனிடம் கொடுத்துவிடுங்கள்.