தலைக்கு வந்தது துணியோடு போச்சு

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பெண் தலையில் துணி கட்டினால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். ஒட்டடை அடிக்கப் போகலாம். தலைக்குக் குளித்திருக்கலாம். காதுவலிக்குப் பஞ்சு வைத்திருக்கலாம். கோயமுத்தூர் வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் கண் மட்டும் தெரிகிற மாதிரி துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். சிக்னலில் பெற்ற தாய் பக்கத்தில் வந்து நின்றாலும் அடையாளம் தெரியாது. அதற்கும் தூசி, புகை, முகம் கறுத்துப்போவது என்று ஊர் ஒப்புக்கொண்ட காரணங்கள் இருக்கின்றன. ‘அழகாக இருக்கும் என்று கட்டினேன்’ என்பது மட்டும் அந்தப் பட்டியலில் கிடையாது. நான் கட்டியது அதற்காக.

எல்லாம் பழைய ஹாலிவுட் நடிகைகளின் போட்டோக்களைப் பார்த்து வந்த ஆசை. மேல்மூடி திறந்த கார், கறுப்புக் கண்ணாடி, தாடைக்குக் கீழே முடிந்த பட்டுச் சதுரம். 1991இல் வந்த ‘தெல்மா அண்ட் லூயிஸ்’ படத்தில்கூட சூசன் சரண்டன் 1966 மாடல் ஃபோர்டு தண்டர்பேர்டை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது தலையில் ஸ்கார்ஃப்தான். என்னிடம் இருப்பது ஸ்கூட்டர். மேல்மூடி திறந்திருப்பது என்கிற ஒரு விஷயத்தில் ஒற்றுமை உண்டு. ஆனால் தலையில் ஹெல்மெட் வேண்டும். இரண்டாம் எலிசபெத் ராணி 2020இல், 94 வயதில், வின்ட்சரில் குதிரை மேல் போன போட்டோவில் ஹெல்மெட் இல்லாமல் ஸ்கார்ஃப் மட்டும் கட்டியிருந்தார். நம் ஊரில் ஸ்கூட்டரில் அப்படிப் போனால் 1000 ரூபாய் ஃபைன்.

துணிக்கு எங்கே போவது? பாரிஸில் எர்மெஸ் கம்பெனி 1937இல் தன் முதல் பட்டுச் சதுரத்தை வெளியிட்டது. பக்கத்துக்கு 90 சென்டிமீட்டர். ஓரத்தை விரலால் உருட்டி உருட்டிக் கையாலேயே தைக்கிறார்கள். விலையைப் பார்த்தேன். அந்தக் காசுக்கு இங்கே முழுப் பட்டுப்புடவையே எடுத்துவிட்டு, மீதியில் குடும்பத்தோடு ஓட்டலில் சாப்பிட்டும் வரலாம்.

ஆனால் தமிழ்நாட்டில் கல்யாணமான எந்தப் பெண்ணின் பீரோவிலும் ஒரு புதையல் உண்டு. வெற்றிலை பாக்கோடு வந்து சேர்ந்த பிளவுஸ் பிட்டுகள். இவற்றை யாரும் தைப்பதில்லை. எந்தப் புடவைக்கும் ஒத்துவராத நிறமாகத் தேடிப் பிடித்துத்தான் வாங்குவார்கள் போல. வரலட்சுமி நோன்புக்கு வந்தது கொலுவுக்குப் போகும், கொலுவுக்கு வந்தது வளைகாப்புக்குப் போகும். நான் யாருக்கோ கொடுத்த கிளிப்பச்சை ஒன்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு என்னிடமே வந்தது. கடைக்காரர் போட்ட மடிப்புகூடக் கலையவில்லை. அதைத்தான் முதலில் எடுத்துத் தலையில் கட்டினேன்.

இங்கே கொஞ்சம் கணக்கு. 90 சென்டிமீட்டர் சதுரத்தைக் குறுக்காக மடித்தால் நீளப் பக்கம் 127 சென்டிமீட்டர் வரும். பிளவுஸ் பிட் 80தான். சதுரமாக வெட்டி மடித்தால் 113. க்ரேஸ் கெல்லி பாணி என்கிறார்களே, முக்கோணத்தைத் தலையில் போட்டு, இரண்டு முனையையும் தாடைக்கடியில் குறுக்காக விட்டு, கழுத்தைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போடுவது, அந்த முடிச்சு முழுக்க இந்த 14 சென்டிமீட்டர் வித்தியாசத்தில்தான் இருக்கிறது. க்ரேஸ் கெல்லிக்குக் கழுத்து மெலிசு. எனக்கு முனைகள் காதோரம் வரை வந்துவிட்டு, இதற்கு மேல் ஆகாது என்று நின்றுவிட்டன. ஆகவே தாடைக்கடியிலேயே முடிந்துகொண்டு, கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு, பால் வாங்கக் கிளம்பினேன்.

“என்ன அம்மிணி, பல்லுப் புடுங்குனியா?” என்றார் எதிர்வீட்டு அத்தை.

இல்லைங்க அத்தை, சும்மாதான் என்றேன். சும்மா யாராவது தாடையைக் கட்டுவார்களா? நான் வலியில் பேச முடியாமல் சுருக்கமாகச் சொல்வதாக எடுத்துக்கொண்டார். “கிராம்பு வெச்சுக் கடிச்சுக்க கண்ணு” என்றார். பூக்கார அக்கா இன்னும் ஒரு படி மேலே போய், கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “கண்ணுக்குமா?” என்று கேட்டார். சாயங்காலம் இரண்டு வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. நன்றாக இருந்தது.

அந்த நடிகைகளும் சும்மா கட்டவில்லை என்பதுதான் வேடிக்கை. 1950களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெண்கள் வாரத்துக்கு ஒரு தரம் பார்லருக்குப் போய்த் தலையை அலசி, ரோலரில் சுருட்டி, ஸ்பிரே அடித்து செட் பண்ணிக்கொண்டு வருவார்கள். அடுத்த வாரம் வரை அந்தக் கொண்டை அப்படியே நிற்க வேண்டும். காற்று, தூறல், திறந்த கார் எல்லாமே எதிரிகள். ஆகவே கட்டினார்கள். நான் பார்த்துப் பார்த்து ஏங்கிய அந்த நளினம், வாரம் முழுக்கத் தலைக்குக் குளிக்காதவர்கள் காசு கொடுத்துச் செய்த அலங்காரத்தைக் காப்பாற்றப் போட்ட உறை. இதை அத்தையிடம் முதலிலேயே சொல்லியிருந்தால் அவருக்குச் சட்டென்று புரிந்திருக்கும். தூங்கும்போது கலையாமல் இருக்கக் கல்யாணப் பெண்ணின் ஜடையைத் துணியில் சுற்றி வைத்த ஊர்தானே இது.

அடுத்தது டர்பன். துணியைப் பிடரியிலிருந்து ஆரம்பித்து, இரண்டு முனையையும் மேலே நெற்றிக்குக் கொண்டுவந்து, ஒரு முறுக்கு முறுக்கி முடிந்து, மிச்சத்தை உள்ளே செருகிவிடுவது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து இங்கிலாந்தில் தெருவுக்குத் தெரு இதுதான். 1941 ஜூனில் துணிக்கு ரேஷன், 1942 பிப்ரவரியில் சோப்புக்கு ரேஷன். கையில் கூப்பன் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாழ்ந்த பெண்களுக்கு அழுக்குத் தலையை மறைக்க இதைவிட மலிவான வழி கிடையாது. செய்து பார்த்தேன். நன்றாகவே வந்தது. என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்து, “குளிச்சுட்டியா? ஹீட்டரை ஆஃப் பண்ணியா?” என்றார்.

இவர்களெல்லாம் போகட்டும், என் பெரியம்மாவிடம் காட்டியதுதான் பெரிய பரீட்சை. பெரியம்மா கோயமுத்தூர்ப் பஞ்சாலை ஒன்றில் கோன் வைண்டிங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஷிஃப்டுக்குப் போகும்போதெல்லாம் தலையில் வெள்ளைத் துண்டு. இல்லாவிட்டால் பறக்கிற பஞ்செல்லாம் முடியில் வந்து உட்காரும். அவிழ்ந்த முடி மெஷினில் சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவரிடம் அந்தப் புகழ்பெற்ற அமெரிக்க போஸ்டரைப் போனில் காட்டினேன். சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட துணியைத் தலையில் கட்டி, நீலச் சட்டைக் கையை மடித்துவிட்டு, முஷ்டியை உயர்த்தி நிற்கிறாளே, அந்தப் பெண். ஜே. ஹோவர்ட் மில்லர் 1943இல் வெஸ்டிங்ஹவுஸ் தொழிற்சாலைகளுக்காக வரைந்தது. அந்த பிப்ரவரியில் இரண்டு வாரம் சுவரில் ஒட்டியிருந்தார்கள், பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள். 1980களில்தான் திரும்பத் தோண்டி எடுத்து உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். இன்று பெண்சக்தி என்றால் இந்தப் படம்தான் என்றெல்லாம் விளக்கினேன்.

பெரியம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“எல்லாஞ் சரி. முன்னாடி சுருட்டை முடிய வெளிய உட்டுருக்கறாளே? எங்க மேஸ்திரி பாத்தா கேட்டுக்கு வெளிய நிறுத்திருவாரு.”

நானும் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். நெற்றிக்கு மேலே ஒரு சுருள் ஒய்யாரமாக வெளியே நிற்கிறது. எத்தனையோ பேர் ஆராய்ந்த அந்தப் படத்தின் பாதுகாப்புக் குறைபாடு, எனக்குத் தெரிந்து, என் பெரியம்மாவின் கண்ணில்தான் முதலில் பட்டது. இதே கவலை அமெரிக்க அரசாங்கத்துக்கும் இருந்திருக்கிறது. வெரோனிகா லேக் என்ற நடிகை ஒரு கண்ணை மறைத்து விழுகிற மாதிரி கூந்தலை விடுவது வழக்கம். ஆலை வேலைக்குப் போன பெண்களும் அப்படியே விட்டுக்கொண்டு மெஷின் முன்னால் நின்றதில், 1943இல் அரசாங்கமே அவரைக் கேட்டுக்கொண்டு முடியைத் தூக்கிக் கட்ட வைத்து, அதைப் படமெடுத்தும் காட்டியது. “பாரு, நடிகைக்கே சொல்லிட்டாங்க” என்று பெரியம்மாவுக்குப் பரம திருப்தி.

இதற்கிடையே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஸ்கார்ஃப் எப்படி வேண்டுமானாலும் கட்டலாம், நீளமாகப் பறக்க மட்டும் விடக்கூடாது. நடனமணி இசடோரா டங்கன் 1927இல் பிரான்சின் நீஸ் நகரில், கழுத்தில் சுற்றிய நீளப் பட்டுத்துணி கார்ச் சக்கரத்தில் சிக்கி இறந்தார். நம் ஊர் பைக்குகளில் பின்சக்கரத்தை மறைத்து சேலை கார்டு வைத்திருப்பது இதற்காகத்தான். துப்பட்டா முனையைச் செருகிக்கொண்டு வண்டியை எடுங்கள்.

இப்போது நம் சொந்தச் சரக்குக்கு வருகிறேன். எர்மெஸ் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, நம் சோழமண்டலக் கரையில் நெய்த கட்டம்போட்ட துணி ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்ற பெயரில் கப்பலேறிக்கொண்டிருந்தது. 36 அங்குலச் சதுரங்கள். எட்டுச் சதுரம் சேர்த்து ஒரே பீஸாக, 8 கஜம். 36 அங்குலம் என்றால் 91 சென்டிமீட்டர். பாரிஸ்காரர்கள் பின்னால் வந்து அதே அளவுக்கு வந்து நின்றார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் அந்தத் துணிக்கு அத்தனை மவுசு. மார்த்தினிக், குவாதலூப், டொமினிக்கா தீவுகளில் பெண்கள் அதைத் தலையில் கட்டும்போது முனைகளை விறைப்பாக மேலே நிற்க வைப்பார்கள். தீவுக்குத் தீவு கொஞ்சம் மாறினாலும் பொதுவாகச் சொல்கிற கணக்கு இது: ஒரு முனை என்றால் மனசு காலி. இரண்டு என்றால் ஆள் இருக்கிறார், இருந்தாலும் முயற்சி பண்ணிப் பார்க்கலாம். மூன்று என்றால் கல்யாணம் ஆகிவிட்டது. நான்கு என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம்.

அமெரிக்காவின் லூசியானாவில் கதை இன்னும் காரமானது. அங்கே ஸ்பானிய ஆட்சி நடந்தபோது, 1786இல், எஸ்தேபான் மிரோ என்ற கவர்னர் கறுப்பினப் பெண்களும் கலப்பினப் பெண்களும் தலையைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவர்களுடைய அலங்காரம் மற்றவர்கள் கண்ணை உறுத்தியதாம். சரி என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்கள் கிடைத்ததிலேயே பளீரென்ற துணியாக எடுத்து, உயர உயரமாகக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். கவர்னர் முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

உற்சாகத்தில் நானும் ஒரு மெட்ராஸ் கட்டம் தேடினேன். கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. சிவப்பும் மஞ்சளும் நீலமும் கலந்து, துவைத்துத் துவைத்து இழைந்து, முடிச்சில் வழுக்காமல் நிற்கிற நயமான பருத்தி. கண்ணாடி முன்னால் நின்று முறுக்கி, செருகி, முனைகளை நிமிர்த்தினேன். எண்ணிப் பார்த்தால் நான்கு நின்றன. ஒன்றை அவசரமாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தபோது குளியலறையிலிருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது: “என் கைலியப் பாத்தியா?”

கட்டிப் பார்த்ததில் தெரிந்துகொண்டவை சில. எண்ணெய் வைத்த தலையில் பட்டு ஒரு நிமிடம் நிற்காது. அடியில் ஒரு பருத்தி நாடா கட்டிக்கொண்டு அதன் மேல் கட்டினால் நிற்கும். நீளப் பின்னலை அப்படியே தொங்கவிட்டால் முக்கோணம் பின்னால் கூடாரம் அடித்துவிடும்; தாழக் கொண்டை போட்டுக்கொண்டு அதன் கீழே முடிய வேண்டும். மல்லிகைப்பூ வைத்துவிட்டு மேலே கட்டினால் பூ நசுங்கும், கட்டிவிட்டு வைத்தால் பூ நிற்க இடம் கிடையாது. வெள்ளைக்காரிக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. ஆனால் பெரியம்மா எழுப்பிய ஆட்சேபணைதான் கனமானது: “தோடு தெரியலையே! அப்புறம் அதக் கட்டி என்ன பண்றது?” க்ரேஸ் கெல்லி அந்த இடத்திலேயே தோற்றுப்போனார். டர்பனில் இரண்டு காதும் வெளியே இருக்கும். ஆகவே எங்கள் குடும்பத்துக்கு டர்பன்தான் என்று முடிவாயிற்று.

காரணமும் கிடைத்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் மலை ரயிலில் டிக்கெட் எடுத்தோம். மொத்தம் 46 கிலோமீட்டர். குன்னூர் வரை நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். கல்லாறு தாண்டிப் பல்சக்கரத்தில் ஏற ஆரம்பித்ததும் ஒவ்வொரு குகையிலும் பிள்ளைகள் ‘ஓ’ என்று கத்த, புகை உள்ளே வந்து எல்லார் தலையிலும் பொடிப்பொடியாகக் கரி இறங்கும். நான் கிளிப்பச்சையில், பெரியம்மா ஜரிகைக் கரை போட்ட மாம்பழ மஞ்சளில், ஜன்னலோரம் டர்பனோடு உட்கார்ந்திருந்தோம். தோடு பளபளவென்று தெரிந்தது. எதிரே குரங்குக் குல்லாயோடு ஒருவர். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை, இந்த ஊரில் ஆண்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர் மனைவிதான் தலையைத் தட்டித் தட்டிக் கரியை உதறிக்கொண்டே எங்களைப் பார்த்தார்.

“இது கரிக்காகக் கட்டினதுங்களா?”

“ஆமாங்க” என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக என் ஸ்கார்ஃப் ஒருவருக்கு உடனே புரிந்தது. அந்த மகிழ்ச்சியில் பையிலிருந்து ஒரு புது பிளவுஸ் பிட்டை, ஊதா நிறம், எடுத்து அவரிடம் நீட்டி, “நீங்களும் கட்டிக்கங்க” என்றேன்.

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண்ணில் ஒற்றினார். விரித்துப் பார்க்காமலேயே ஹேண்ட்பேக்கில் பத்திரமாக வைத்து ஜிப்பை இழுத்தார். பிறகு நெற்றியை முன்னால் நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

பெரியம்மா முழங்கையால் என்னை இடித்துவிட்டு, இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்துக் குங்குமச் சிமிழை எடுத்தார்.