காட்டுக்குள் நுழையும் நேரம் பிற்பகல் 2 மணி

செமினி, சிலாங்கூர்.

கம்பத்திலிருக்கும் பெரியக்கா அவர்களுக்கும், அவர் வாசிக்கக் கேட்கப்போகும் அம்மாவுக்கும்:

செமினியில் குடியிருப்போர் வார இறுதியில், மின்விசிறியும் கட்டிலும் உள்ள தம் வீட்டைப் பூட்டிவிட்டு, ஊருக்கு வெளியே மரத்தடியில் துணிக்கூடாரம் அடித்துத் தரையில் படுத்து, மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பிவரும் வழக்கம் 'கேம்பிங்' எனப்படும். இதற்குப் பணம் கொடுக்க வேண்டுமேயன்றி யாரும் தருவதில்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுவது நல்லது. ஏனெனில் வீட்டு முன்வாசலில் கூடாரம் நிற்கும் படத்தைக் கண்டு, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டாரா என்று அம்மா கேட்டனுப்பிய வினாவுக்கு விடையாகவே இக்கடிதம் எழுதப்படுகிறது. வீட்டுக்காரர் நலம், வாடகையும் மாதாமாதம் போகிறது. கூடாரம் முன்வாசலுக்கு வந்த வரலாறுதான் சற்று நீளமானது.

அவ்வரலாறு, இக்கடிதம் எழுதுபவரின் மனைவியார் விதித்த மூன்று நிபந்தனைகளில் தொடங்குகிறது: இடம் ஆள் நடமாட்டம் இல்லாததாக இருக்க வேண்டும், பிள்ளைகள் கால் நனைக்க ஆறு ஓட வேண்டும், கழிவறை சுத்தமாக இருக்க வேண்டும். கழிவறை சுத்தமாக இருக்க அதைக் கழுவ ஓர் ஆள் வேண்டும், ஆள் இருந்தால் முதல் நிபந்தனை அடிபட்டுப்போகும் என்ற தர்க்கம் எடுத்துரைக்கப்பட்டபோது, அதற்குக் கிடைத்த மறுமொழி எழுத்தில் பதியத்தக்கதன்று.

செமினி, கோலாலம்பூருக்குத் தென்கிழக்கே உலு லங்காட் மாவட்டத்தில், ரப்பர்த் தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறியபின் 'தாமான்' எனப்படும் குடியிருப்புகள் வரிசை வரிசையாக எழுந்த ஊராகும். மலையும் அணையும் அருகிலேயே இருப்பதால் தனிமைக்குப் பஞ்சமிராது என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணம் புரோகா குன்றிலேயே முறிந்தது. ஏறத்தாழ 400 மீட்டர் உயரமுள்ள அக்குன்றின் மேற்பகுதியில் 'லாலாங்' என்ற, நம் ஊர்த் தர்ப்பையை ஒத்த புல் மண்டிக் கிடக்கும். ஞாயிறு விடியுமுன் அதன்மேல் தலைவிளக்கு மாட்டியவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி ஏறும் காட்சி, சதுரகிரி மலையின் ஆடி அமாவாசைக் கூட்டத்தை நினைவூட்டுமேயன்றித் தனிமையை நினைவூட்டாது. செமினி அணைப் பக்கமுள்ள சுங்கை தெக்காலா ஒரு 'ஹுத்தான் லிப்பூர்'. ஹுத்தான் என்பது காடு, லிப்பூர் என்பது மனத்தைத் தேற்றுதல். அருவிக்கரையில் கோழி சுடும் புகைக்கு நடுவே எவர் மனம் தேறும் என்று மலாய்மொழி கூறவில்லை.

தனிமைதானே வேண்டும், காப்புக்காட்டுக்குள் சென்றுவிட்டால் என்ன என்று ஊரிலிருக்கும் அண்ணன் கேட்கக்கூடும். அதற்கு வனத்துறையின் அனுமதிச்சீட்டு வேண்டும். சீட்டு கிடைத்தாலும் ஆற்றை நம்ப முடியாது. 'கெப்பாலா ஆயிர்', அதாவது தண்ணீரின் தலை என்று மலாயர் பெயரிட்டிருக்கும் காட்டாற்று வெள்ளம், கூடாரம் அடித்த இடத்தில் ஒரு துளி மழை இல்லாதபோதும், மேலே மலையில் பெய்த மழையைச் சுமந்துகொண்டு திடீரென இறங்கும். நீர் கலங்கிச் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் உடனே கரையேற வேண்டும் என்பது சுருளி அருவியில் குளித்து வளர்ந்தோருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. மலைச்சரிவோ அதனினும் கொடியது. 2022 டிசம்பர் 16 அன்று விடியுமுன், இதே சிலாங்கூரிலுள்ள பத்தாங் காலியில் ஒரு முகாம்தலத்தின்மீது மண் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்களுள் 31 பேர் மாண்டனர். அத்தலத்துக்கு முகாம் நடத்தும் உரிமமே இல்லை என்பது அதன்பிறகே ஊருக்குத் தெரிந்தது. ஆதலின் உரிமம் உண்டா, பின்னால் மேடு உண்டா என்ற இரண்டையும் கேட்காமல் இக்கடிதம் எழுதுபவர் எங்கும் பிள்ளைகளைப் படுக்கவைக்கமாட்டார் என்று அம்மாவிடம் அழுத்திச் சொல்லவும்.

முடிவில் தேர்வானது ஒரு 'டூசுன்', அதாவது டுரியான், மங்குஸ்தீன், ரம்புத்தான் மரங்கள் கலந்து நிற்கும் பழத்தோட்டம். உரிமம் இருந்தது, நிலம் சமம், ஓடையில் முழங்கால் அளவு நீர். குறை ஒன்றே: அத்தோட்டத்துக்குள் பிற்பகல் 2 மணிக்கு முன் நுழையலாகாது, மறுநாள் நண்பகல் 12 மணிக்குமேல் இருக்கலாகாது. விடுதிகளில் இத்தகைய விதி இருப்பதன் காரணம் விளங்கக்கூடியது. முன்னவர் போனபின் விரிப்பை மாற்றி, சோப்பு வைத்து, அடுத்தவரை ஏற்கிறார்கள். தோட்டத்தில் எதை மாற்றுகிறார்கள்? எறும்புகளுக்குச் சோற்று இடைவேளையா, முன்னவர் இரத்தத்தில் பசியாறிய அட்டைகளை அகற்றிப் பட்டினி கிடந்தவற்றை மரத்தடிக்கு ஒன்றாகப் பங்கிடுகிறார்களா என்ற ஐயங்கள் எழுதல் இயல்பே. 1 மணி 10 நிமிடத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டமையால், இதனை நேரில் ஆராயும் வாய்ப்பு இக்கடிதம் எழுதுபவருக்குக் கிடைத்தது. வாயிலில் கட்டிய மஞ்சள் கயிற்றுக்கு இப்பால் நின்று ஐம்பது நிமிடம் உற்றுநோக்கியதில், ஒரு நீள்வால் குரங்கு கயிற்றைத் தாண்டிச் சென்று குப்பைத்தொட்டியைச் சோதித்தது, ஒரு கோழி குறுக்கே நடந்தது, வேறெதுவும் மாற்றப்படவில்லை. குரங்கிடம் நேரம் கேட்கப்படவுமில்லை.

கூடாரத்துக்கு 5 வெள்ளி, அதாவது ரிங்கிட், வீதம் கட்டினால் முன்கூட்டியே நுழையலாம் என்று காவலாளி கூறினார். மூன்று கூடாரங்களுக்கு 15 வெள்ளி என்பது பெருந்தொகையன்று. ஆயினும் பேருந்து நிலையத்தில் ஐந்து ரூபாய்க்காக ஆட்டோக்காரரிடம் அரைமணி நேரம் நின்ற கொள்கையைக் கடல் கடந்தபின் கைவிடுவது முறையன்று என்பதால் அது மறுக்கப்பட்டது. தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரங்களில் காலை வெயில் மேகமாகத் திரண்டு பிற்பகலில் மழையாக இறங்குவது அன்றாட நிகழ்ச்சி. அந்த ஐம்பது நிமிடமும் வெயில் கொளுத்தியது. 2 மணிக்குக் கயிறு அவிழ்ந்தது. 2 மணி 40 நிமிடத்துக்கு மழை வந்தது. இடையில் இக்கடிதம் எழுதுபவர் தனியொருவராகப் பதினெட்டே நிமிடத்தில் கூடாரம் அடித்தார் என்பதைக் குடும்பம் பெருமையுடன் குறித்துக்கொள்ளலாம். அதன் வாசல் ஒரு ரம்புத்தான் மரத்தைப் பார்த்து நின்றது என்பது சிறு குறை.

தனிமை தேடிப் புறப்பட்டவர்கள் பதினான்கு பேர் என்பதையும் மறைப்பதற்கில்லை. வீட்டார் நால்வர், செய்தி கசிந்ததும் பக்கத்து வீட்டார் அறுவர், அலுவலக நண்பர் வீட்டார் மூவர், பக்கத்து வீட்டு அண்ணனின் தாயார் ஒருவர். அவ்வண்ணன் இந்நாட்டிலேயே தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைவீட்டில், பிறந்தவர். மலேசியத் தமிழில் 'கம்பம்' என்பது ஊர்ப்பெயரன்று, கம்போங் என்ற மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம், கிராமம் என்று பொருள். ஆகவே சொந்த ஊர் கம்பம் என்று எத்தனை முறை கூறினாலும், "சரி தம்பி, எந்தக் கம்பம்?" என்றே அவர் கேட்பார்; நான்கு ஆண்டுகளாக, ஊர்ப்பெயரைச் சொல்ல மறுக்கும் மர்ம மனிதராகவே இக்கடிதம் எழுதுபவர் இத்தாமானில் கருதப்பட்டு வருகிறார்.

இரவு அடுத்த கூடாரத்தார் நள்ளிரவுவரை கரோக்கே பாடினர். அவர்கள் ஓய்ந்தபின் டுரியான் பழங்கள் தொப்பென்று விழத் தொடங்கின. ஒவ்வொரு ஒலிக்கும் காவலாளி டார்ச்சுடன் ஓடினார். நன்றாக உறங்கியவர் பக்கத்து வீட்டுப் பாட்டியார் ஒருவரே. நாலரை மணிக்கு, பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடியுமுன் ஆளெண்ணும் வரிசைக்கு எழுந்த பழக்கத்தில் எழுந்து, காப்பித்தண்ணியுடன் ஓடைக்கரையில் அமர்ந்திருந்தார். அங்கே எஞ்சி நின்ற ஒரு பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, அவர் விரலால் தடவிக் காட்டினார். சாய்வாக ஒன்றன்கீழ் ஒன்றாகச் சீவிய தடங்கள் பட்டை மூடித் தழும்பேறியிருந்தன. "கை நடுங்குறவன் சீவுன மரம்," என்றார். பிறகு, "காட்டுல படுக்கக் காசா தம்பி? எங்க காலத்துல காட்ட விட்டு வெளிய போகத்தான் வழியில்ல," என்று கூறிக் காப்பியை நீட்டினார். யாரும் பாடவில்லை, ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது. மனைவியார் கேட்ட இடம் அதுவே, ஆனால் அவர் அப்போது உறக்கத்தில் இருந்தார்.

காலையில் வெயில் மரங்களைத் தாண்டி இறங்கப் பதினொன்றரை ஆயிற்று. நனைந்த கூடாரத்தை உலர்த்த 12 மணிக்குமேல் நின்றால் மணிக்கு 5 வெள்ளி என்றனர். வெயிலுக்குக் கட்டணம் செலுத்தும் அளவுக்கு இக்கடிதம் எழுதுபவர் இன்னும் வெளிநாட்டவராகிவிடவில்லை. ஆகவே கூடாரம் ஈரத்துடன் காரில் ஏறி, முன்வாசலில் உலர விரிக்கப்பட்டது, பிள்ளைகள் அதற்குள்ளேயே இரண்டு இரவுகள் படுத்தனர், படம் எடுக்கப்பட்டது. அதே வாரம் செமினி ஆற்றில் மாசு கலந்து குழாயில் நீர் நின்றதால், அணைக்கட்டுக்கு அருகில் வாழும் குடும்பம் வாளியுடன் லாரிக்குக் காத்திருந்த படமும் உண்டு; அம்மா கலங்குவார் என்று அது அனுப்பப்படவில்லை.

ஊரில் தெற்குத் தோட்டத்துப் பரணைப் பிரித்துவிட நம் அண்ணன் எண்ணுவதாக மாமா வழியாகத் தெரிகிறது. பன்றி விரட்ட அப்பா அதன்மேல் படுத்த காலத்தில், பயத்தில் அவரது வேட்டி நுனியைப் பிடித்தபடியே உறங்கியவர் இப்போது கேட்டுக்கொள்வது: தைப்பொங்கல்வரை அதனை விட்டுவைக்கவும். பிள்ளைகள் மூன்றாம் தேதி வருகின்றனர். எத்தனை மணிக்கு ஏறலாம் என்று சின்னவன் இப்போதே கேட்கிறான்.

பின்குறிப்பு: படத்தில் சின்னவன் காலில் தெரியும் சிவப்புப் புள்ளிகள் அட்டைக்கடி. அம்மை அன்று. அம்மா வேப்பிலை அனுப்ப வேண்டாம். சுங்கத்தில் விளக்க இயலாது.