சால்வர் அண்ணன்

“ஒண்ணுமே மாத்தல அண்ணே. நேத்து ஓடுச்சு, இன்னிக்கு ஓட மாட்டேங்குது.”

மின்முலாம் பூசுவதைக் கணினியில் செய்து பார்க்கிற ஆய்வகங்களில் வாரத்துக்கு நாலு முறையாவது இந்த வாசகம் கேட்கும். சொல்பவர், மடிக்கணினியைக் காய்ச்சல்காரக் குழந்தைபோல் தூக்கி வந்திருக்கும் முதலாண்டு ஆராய்ச்சி மாணவர். கேட்பவர் சால்வர் அண்ணன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்பார்: “சரி, கடைசியா எதை மாத்தினே?”

அண்ணனுக்கு ஐந்தாம் ஆண்டோ ஆறாம் ஆண்டோ ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கேட்பது மரியாதை இல்லை என்பதால் யாரும் கேட்பதில்லை. இந்த இனம் புதியது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் திறக்கப்பட்டபோது, முலாம் கெட்டால் தொட்டியைத்தான் பார்க்க வேண்டும். இப்போது தொட்டி கணினிக்குள் போய்விட்டது. சமன்பாடுகளுக்கு விடை தேடும் சால்வர் நடுவழியில் நின்று சிவப்பு எழுத்தில் புலம்பும்போது, அதற்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டியிருக்கிறது.

அன்று வந்த பையனின் திரையில் ‘மேட்ரிக்ஸ் சிங்குலர்’ என்று இருந்தது. இரவெல்லாம் அணிக்கோவைப் பாடம் புரட்டிவிட்டு வந்திருந்தான். அண்ணன் ஒரு கேள்விதான் கேட்டார். “எர்த் எங்கே?”

ஆனோடில் இவ்வளவு மின்னோட்டம் போகட்டும், கேத்தோடில் அவ்வளவும் வரட்டும் என்று இரண்டு முனையிலும் பையன் சொல்லியிருந்தான். எந்த இடத்தில் மின்னழுத்தம் பூஜ்யம் என்று மட்டும் சொல்லவில்லை. எல்லா இடத்திலும் ஐந்து வோல்ட் கூட்டினாலும் சமன்பாடுகள் ஏனென்று கேட்காது. ஆக விடைகள் எண்ணற்றவை. எதைத் தருவது என்று தெரியாமல் சால்வர் கையை விரித்துவிட்டது. ஒரு புள்ளியைப் பூஜ்யத்தில் கட்டியதும் ஆறு விநாடியில் ஓடி முடிந்தது. ஒரு ராத்திரித் தூக்கம் போனதுதான் மிச்சம்.

அடுத்து வந்த பெண்ணுக்குச் செம்பு படியவே இல்லை. அரை மோலார் செம்பு சல்பேட் என்று 0.5 எனப் போட்டிருந்தாள். மென்பொருள் எதிர்பார்த்ததோ கன மீட்டருக்கு எத்தனை மோல் என்று. அங்கே 500 வர வேண்டும். “கடல்ல பெருங்காயத்தைக் கரைச்சிட்டு மணக்கலன்னா எப்படிம்மா?” என்றார் அண்ணன். அவளுக்கு ஆறுதலாக ஹல் செல்லின் கதையையும் சொன்னார். முலாம் தொட்டியின் குணத்தைச் சோதிக்க 1930களில் ஹல் என்ற அமெரிக்கர் வடிவமைத்த சாய்வுப் பக்கம் கொண்ட சின்னப் பெட்டி அது. அதன் கொள்ளளவு 267 மில்லி. அதில் இரண்டு கிராம் உப்பைப் போட்டால் காலனுக்கு ஓர் அவுன்ஸ் போட்டதற்குச் சமம். அலகுத் தொல்லையைத் தீர்க்கப் பெட்டியையே அளவெடுத்துச் செய்திருக்கிறார்கள்.

தொடக்க மதிப்பு விஷயத்தில்தான் அண்ணனுக்குக் கோபம் வரும். எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டுவிட்டு ‘ரன்’ அழுத்துபவர்களை அவர் மன்னிப்பதில்லை. பட்லர்–வோல்மர் சமன்பாட்டில் மின்னோட்டம் மடிக்குறிச் சார்பாக ஏறுகிறது. செம்பில் மிகை மின்னழுத்தம் சுமார் 120 மில்லிவோல்ட் கூடினால் மின்னோட்டம் பத்து மடங்கு. சால்வர் விடை தேடும் நியூட்டன் முறையோ நிற்கிற இடத்தின் சரிவை மட்டும் பார்த்துத் தாவும் ஆள். தப்பான இடத்தில் நிறுத்தினால் எங்கேயோ போய் விழும். மடிக்குறி 709ஐத் தாண்டிவிட்டால் கணினிக்கு அது எண்ணே இல்லை. அண்ணனின் பத்தியம் இதற்கென்றே இருக்கிறது. முதலில் வினைவேகத்தை மறந்து கரைசலின் மின்தடையை மட்டும் வைத்து ஒரு விடை. அதைத் தொடக்கமாகக் கொடுத்து அடுத்தது. மின்னோட்டத்தை நூறில் ஒரு பங்கிலிருந்து படிப்படியாக ஏற்றுவது. “காய்ச்சல்ல கிடந்தவனுக்கு முதல்ல கஞ்சி, அப்புறம் இட்லி. நீ எடுத்த எடுப்புலயே பிரியாணி போடுறே!”

சில சமயம் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு அண்ணன் சிரிப்பார். “இது பிழை இல்லப்பா. இதுதான் பதில்.” கேத்தோடை ஒட்டிய கரைசலுக்குச் செம்பு அயனிகள் வந்து சேரும் வேகத்துக்கு ஓர் உச்சம் உண்டு. அதற்கு மேல் மின்னோட்டம் கேட்பது, கணக்கில் இல்லாத பணத்துக்குக் காசோலை எழுதுவது. செறிவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். எதிர்மறை எண்ணுக்கு மடக்கை எடுக்கப் போய் சால்வர் மயங்கி விழும். நிஜத் தொட்டியிலும் அந்த நிலையில் ஹைட்ரஜன் குமிழ் விட்டு, முலாம் கருகிப் பொடியாகத்தான் வரும்.

படிவு வளர வளர, தொட்டியைக் கணக்குக்காகக் கூறுபோட்ட வலையின் கண்ணி நசுங்கி, காற்றில் மடங்கும் குடைபோல உள்வெளியாகத் திரும்பிக்கொள்வது இன்னொரு நோய். கூரான மூலையில் மின்னோட்டம் கணக்குப்படி முடிவிலிக்கே போகும். அண்ணன் மூலையைக் கொஞ்சம் உருட்டிவிடுவார், வலையை இடையிடையே புதிதாகப் பின்னச் சொல்வார்.

விடை வந்துவிட்டால் போதும் என்று விடவும் மாட்டார். பிழையளவு வரம்பைத் தளர்த்திச் சிவப்பை மறைப்பவர்களைப் ‘பூனைக் கட்சி’ என்பார். கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருட்டு என்கிற பூனை. ஆனோடில் போன மின்னோட்டமும் கேத்தோடில் வந்ததும் சமமா? சதுர டெசிமீட்டருக்கு ஓர் ஆம்பியர் வீதம் ஒரு மணி நேரம் ஓட்டினால் செம்பு 13 மைக்ரான் படிய வேண்டும்; படிந்ததா? ஃபாரடே விதியை டீக்கடை ரசீதின் பின்புறம் போட்டுக் காட்டுவார்.

இத்தனை கறாரான மனிதரின் சொந்தக் கோப்புறையைத் திறந்தால் வேறு உலகம். ‘இறுதி’, ‘இறுதி இரண்டு’, ‘உண்மையான இறுதி’, ‘சார் கேட்டது’, ‘ஓடுது தொடாதே’. கடைசிக் கோப்பு ஏன் ஓடுகிறது என்று அவருக்கே தெரியாது. ஒரே இரவில் ஏழு இடத்தில் கை வைத்தார். எது பலித்தது என்று குறித்து வைக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை, சாருக்குப் படம் அனுப்ப வேண்டிய நாள். ‘ஓடுது தொடாதே’ ஓடவில்லை. மாலை ஐந்து மணிக்கு அண்ணன் மடிக்கணினியை ஏந்திக்கொண்டு எர்த் பையனின் மேஜைக்குப் போனார். பையன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கடைசியா எதை மாத்துனீங்க அண்ணே?”

“ஒண்ணுமே மாத்தலப்பா. நேத்து ஓடுச்சு.”