பிளகின் பொருட்டு பிஎச்பி உயர்தல்: கம்பம் பள்ளத்தாக்குச் சான்றுகளுடன் ஓர் ஆராய்ச்சி

போடிநாயக்கனூரில் ஏலக்காய் விற்கும் கடை ஒன்றுக்கு வேர்ட்பிரஸில் செய்த வலைத்தளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இணையத்திலேயே ஆர்டர் எடுத்துப் பணமும் வாங்கிவிட வேண்டும் என்று கடைக்காரருக்கு ஆசை பிறக்கிறது. அதற்கான வூகாமர்ஸ் என்ற பிளகினை, அதாவது துணைநிரலை, ஏற்றப் போனால், சர்வரில் தளத்தை இயக்கும் நிரல்மொழியாக இருப்பது பிஎச்பி 5.6, குறைந்தது 7.4 வேண்டும் என்று மறுப்பு வருகிறது. கேட்டது ஒரு பொத்தான். அதற்குப் போய் அடியில் இருப்பதையெல்லாம் மாற்றச் சொல்வது என்ன நியாயம் என்கிறார் கடைக்காரர். இந்தக் கேள்வியை நம் உரையாசிரியர்கள் எவரும் தொடவில்லை. அவர்கள் காலத்தில் சர்வர் இல்லை என்பதை ஒரு காரணமாக ஏற்கலாம். இக்கட்டுரையின் கோள் இதுதான்: அடித்தளத்தை அடித்தளத்துக்காகவே உயர்த்தியவர் எவருமில்லை. மேலே ஏற வந்த ஏதோ ஒரு சின்னப் பொருள் அடம் பிடித்ததால்தான் உயர்த்தினார்கள்.

முதற்சான்று இரும்பாலானது. மதுரை–போடி ரயில் பாதை 1928-இல் மீட்டர்கேஜாக வந்தது. போர்க்காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950-களில் திரும்பப் போட்டார்கள். ஏறக்குறைய 90 கி.மீ. தூரத்துக்கு, தண்டவாளங்களுக்கிடையே 1000 மி.மீ. இடைவெளி. அதன்மேல் ஓடிய வண்டிக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. குறையெல்லாம் 1676 மி.மீ. அகலப்பாதையில் சென்னையிலிருந்து வரும் வண்டிக்குத்தான். மதுரைக்கு மேற்கே அதன் சக்கரம் உருள வழியில்லை. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 டிசம்பர் முடிவில் பாதையை மூடினார்கள். தேனிக்கு ரயில் திரும்பியது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன் 15. அன்றே போடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு வண்டி கிளம்பியது. இந்த ஆய்வின் மொழியில் அந்த வண்டிதான் பிளகின். இங்கே ஒரு கால ஒற்றுமையைச் சொல்லாமல் விட முடியாது. பிஎச்பி 5.2-க்கு ஆதரவு முடிந்தது 2011 ஜனவரி 6. அதாவது போடி மீட்டர்கேஜும் அதுவும் ஒரு வார இடைவெளியில் ஓய்வு பெற்றன. இரண்டுக்கும் காரணகாரியத் தொடர்பு உண்டு என்று சொல்லும் துணிவு இன்னும் வரவில்லை. இதைவிட மெலிந்த சான்றுகளின்மேல் முனைவர் பட்டங்கள் நிற்கின்றன என்பதை மட்டும் பதிவு செய்யலாம். அதோடு, போடிக்கு ரயில் திரும்புவதற்குள் பிஎச்பி 5.4-இல் தொடங்கி 8.2 வரை 11 பதிப்புகளைக் கண்டுவிட்டது.

இரண்டாம் சான்று வேர்ட்பிரஸே. உயிர் போன அந்த 5.2 வரிசையை அது 2019 மே வரை வாசலில் நிறுத்தாமல் உள்ளே விட்டது. அப்போது உயர்த்திய குறைந்தபட்ச எல்லையும் 5.6.20, அந்த 5.6-க்கே 2018 டிசம்பரில் ஆதரவு முடிந்திருந்தது. 7.0-க்கு வந்தது 2023 ஆகஸ்ட். இவ்வளவு பொறுமையுள்ள மூலவர் யாரையும் விரட்டவில்லை. விரட்டியவை பக்கத்தில் உட்கார வந்த பிளகின்கள். 5.6-இல் புதிதாக வெளிப்படும் ஓட்டைகளைப் பிஎச்பிக்காரர்கள் அடைப்பதில்லை என்ற செய்தி நம் கடைக்காரரை 2019-இல் அசைக்கவில்லை. ஒரு பொத்தான் அசைத்துவிட்டது. ஆகவே பிளகினைத் திட்டுவது நன்றிகெட்ட செயல்.

பதிப்பு வரலாற்றில் 5-க்கு அடுத்தது 7 என்பதையும் ஆய்வாளர் கவனிக்க வேண்டும். 6 கடல் கொண்ட பதிப்பு. யூனிகோடை மொழியின் உள்ளேயே வைப்பதற்காகத் தொடங்கி, 2010-இல் கைவிட்டார்கள். அதற்குள் ‘பிஎச்பி 6’ என்று தலைப்பிட்ட புத்தகங்கள் கடைக்கு வந்துவிட்டன. இலக்கியம் கண்டதற்கே இலக்கணம் என்பது நம் மரபு. அங்கே இலக்கணம் அச்சேறிய பிறகு இலக்கியம் பிறக்காமலே போயிற்று. இதன் விளைவு தேனி வரை எட்டும். யுடிஎஃப்-8-இல் எழுதிய ‘தேனி’ என்ற ஈரெழுத்துப் பெயரின் நீளத்தைக் கேட்டால் பிஎச்பி 12 என்கிறது. அது எண்ணுவது பைட்டை. எம்பிஸ்ட்ரிங் என்ற துணைக்கருவியைச் சேர்த்தால் 4 என்று இறங்கி வரும். பல பிளகின்கள் அதையும் தம் பட்டியலில் கேட்பது வீம்புக்கல்ல.

இனி மறுப்புகள். பழைய பிஎச்பிக்கு ஒத்துப்போகும் பழைய பிளகின் ஒன்றைத் தேடி ஏற்றினால் என்ன என்பார்கள். பணம் வாங்கும் இடத்தில் காலாவதியான சரக்கை வைப்பது பற்றி ஏலக்காய் வியாபாரிக்கு விளக்கத் தேவையில்லை. மாற்றினால் தளம் படுத்துவிடுமே என்பது கனமான மறுப்பு. அது உண்மைதான். பழைய மைஎஸ்க்யூஎல் கட்டளைகளை 7.0-இல் நீக்கிவிட்டார்கள்; 8.0-இல் வேறு சில போயின. அவற்றை நம்பி எழுதிய தீம் வெள்ளைத் திரையைக் காட்டி மௌனமாகிவிடும். ஆனால் இந்த அச்சம், எல்லாவற்றையும் மூடிவிட்டு மாற்றும் போடி முறையை மட்டுமே கண்டவர்களின் அச்சம். பள்ளத்தாக்கில் பெரியாறு முறை என்று இன்னொன்று உண்டு. 1895-இல் சுர்க்கிச் சாந்தால் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில், 152 அடி வரை இருந்த நீர்மட்டத்தை 1979-இல் 136-க்கு இறக்கினார்கள். பிறகு உச்சியில் கான்கிரீட் மூடி, உடலுக்குள் கேபிள் நங்கூரம், பின்புறம் கான்கிரீட் தாங்கல். உச்ச நீதிமன்றத்தின் 2014 மே 7 தீர்ப்பு 142 அடியை உறுதி செய்தது. அணையை இடிக்கவும் இல்லை, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தைக் கைவிடவும் இல்லை. சர்வரிலும் இப்படியே செய்யலாம். ஒரே சர்வரில் இரண்டு பிஎச்பி அருகருகே இருக்கும். தளத்தின் நகலைப் புதியதன்மேல் ஓட்டிப் பார்த்து, உடைந்ததைச் சரி செய்து, பேக்கப் எடுத்துக்கொண்டு, கடைசியில் அசலை மாற்றினால் போதும். 7.4-இல் நின்றுவிடவும் கூடாது. அதற்கும் 2022 நவம்பரில் ஆதரவு முடிந்துவிட்டது. போடிக்கு டிக்கெட் எடுத்தவர் ஆண்டிபட்டியில் வீடு பார்ப்பதில்லை.

கடைசி மறுப்பு, ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வரும் என்பது. இதை இக்கட்டுரை மறுக்கவில்லை. பெரியாறு அணையின் நீர்மட்டத்தை மீண்டும் 152 அடிக்கு ஏற்றத் தமிழ்நாடு விரும்புகிறது. அதற்குப் பக்கத்திலுள்ள பேபி அணை என்ற துணை அணையைப் பலப்படுத்த வேண்டும், அதற்கு மரங்களை வெட்ட வேண்டும், அதற்குக் கேரளத்தின் அனுமதி வேண்டும். 15 மரங்களுக்கு 2021 நவம்பரில் கிடைத்த அனுமதி சில நாட்களிலேயே திரும்பிப் போயிற்று. கடைக்காரரின் சங்கிலியும் இதே நீளம்தான்: பொத்தானுக்குப் பிளகின், பிளகினுக்கு பிஎச்பி, பிஎச்பிக்கு ஒத்துவரும் தீம், தீமுக்கு அதை எழுதிய பையன். பையன் இப்போது கோவையில் வேலை பார்ப்பான். ஹோஸ்டிங் கணக்கு அவன் பேரில் இருக்கும், ஓடிபி அவன் செல்லுக்குத்தான் போகும். முதலில் அவனைப் பிடித்துக் கணக்கைக் கடையின் பேருக்கு மாற்றிக்கொள்வது நல்லது. ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பலகையான சிபேனலில் பிஎச்பி பதிப்பை மாற்றும் இரண்டு நிமிட வேலைக்கு அப்புறம் வரலாம்.