கொம்புக் குடும்பம்

ரொறொன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுணின் மாடிக்கட்டடங்கள் 1960களில் எழுந்தன. பிறகு ஈழத்தமிழர் குடும்பம் குடும்பமாக வந்து நிறைந்தனர். அவர்கள் போகும் தமிழ்க் கடைகளில் மரக்கறியோடு இலவசப் பத்திரிகையும் வணிகக் கையேடும் கைக்கு வருவது வழக்கம்.

தானியங்கிப் பக்க வடிவமைப்புக்கு இந்தக் கையேட்டைவிடத் தோதான இரை கிடையாது. பெயர், தொழில், தொலைபேசி எண் எல்லாம் ஓர் அட்டவணையில். இன்டிசைன் மென்பொருளின் ‘டேட்டா மெர்ஜ்’ அதை விழுங்கிப் பக்கம் பக்கமாகக் கக்கிவிடும்.

தரவு பாமினி எழுத்துருவில் இல்லாதவரை.

பாமினியில் தமிழ் வெறும் வேஷம். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். கொம்பை மெய்க்கு முன்னால் தட்டவேண்டும். ஆகவே அகரவரிசைப்படுத்தச் சொன்னால் கணினி செல்வத்தையும் பெருமாளையும் கெங்காவையும் ஒரே கொம்புக் குடும்பமாகச் சேர்த்துவைக்கும். கந்தசாமிக்கும் கெங்காவுக்கும் முதலெழுத்து உறவென்று அதற்கு யார் சொல்வது?

சரி, யூனிகோடுக்கு மாற்றலாம். பழைய இன்டிசைனில் அப்போது கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். 2012இல் வந்த அதன் சிஎஸ்6 பதிப்பு இந்திய மொழிகளுக்கு ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்ற வசதியைத் தந்தது. பக்கங்களை அடுக்கும் ஸ்கிரிப்டை எழுதியவர் பத்தி அமைப்பில் அதைத் தேர்வுசெய்ய மறந்தாரோ, பிழையும் தானியங்கியாகவே அத்தனை பக்கங்களிலும் பரவும். கையால் செய்தால் இவ்வளவு சீராகத் தப்புச் செய்ய முடியாது.

எல்லாம் சரியாகி அச்சுக்குப் போகும் மாலையில் விளம்பரதாரர் அழைப்பார்: “தம்பி, என்ர படத்தைக் கொஞ்சம் பெரிசாப் போடும்.”

அதற்கு ஸ்கிரிப்ட் கிடையாது.